சிவப்பு மையில் நாலு புள்ளி ஒன்பது

சிவப்பு மையில் 4.9 என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்கும்போது, பின்னால் யார்டில் இரண்டு வேகன்கள் மோதிக்கொண்டன.

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு அது கோழி கொக்கரிப்பது மாதிரி; யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று நான் திரும்பினேன். காரணம், என் நோட்டில் இருந்த கணக்கும் அதுதான். 'பதினாறு டன் எடையுள்ள வேகன் ஒன்று மணிக்கு ஆறு மைல் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் எட்டு டன் வேகனில் மோதுகிறது. மோதிய பின் இரண்டும் சேர்ந்து போகின்றன. அப்போது அவற்றின் வேகம் என்ன?'

டமார் என்ற சத்தம் அடங்கியதும், தண்டவாளத்தின் இணைப்புகளில் சக்கரம் விழுகிற சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். மோதுவதற்கு முன்னால் இருந்ததைவிட இப்போது இடைவெளி கூடியிருந்தது. எவ்வளவு கூடியிருக்கிறது? இந்தக் கேள்வி வந்ததும் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலில் போய் நின்றேன். கணக்கின் விடை எங்கள் கொல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, எண்ணினால் போதும்!

"இன்னாடி மரம் மாதிரி நிக்கிறே? உல கொதிக்குது, அரிசிய களைஞ்சி போடு" என்றாள் அம்மா.

எங்கள் வீடு அம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. நைனா அங்கே பாயிண்ட்ஸ்மேன். எஞ்சின் எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் லீவரை இழுத்துத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து செங்கல் ஏற்றிய வேகன்கள் வருவதும் காலி வேகன்கள் போவதுமாக எங்கள் சைடிங்குக்கு, மெயின் லைனிலிருந்து பிரிகிற பக்கப் பாதைக்கு, ஓய்வே இல்லை. எஞ்சின் ஒரு வேகனைத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொள்ளும். வேகன் தனியே உருண்டு வந்து, ஏற்கெனவே நிற்கிற வேகனில் மோதும். மோதுகிற இடம் எங்கள் வேலியிலிருந்து இருபது அடி.

எங்கள் வகுப்பில் கணக்குப் போடும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஐந்தாம் பாரம், பள்ளி இறுதிக்கு முந்தின வகுப்பு. ரயிலில் பட்டணத்துப் பக்கம் போய்ப் படிக்கிறேன். பௌதிக சாரிடம் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. நாங்கள் அதைச் 'சாவி' என்போம். அதில் வழி எதுவும் கிடையாது, விடைகள் மட்டும். சார் முதலில் விடையைக் கரும்பலகையில் எழுதுவார். நாங்கள் அதைப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மேலிருந்து நீல மையில் வழியை இறக்கிக்கொண்டு வந்து, அந்தச் சிவப்பில் சேர்க்க வேண்டும்.

"ஊர் பேர் தெரிஞ்சாத்தானே வழி கேக்க முடியும்?" என்பார் சார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர் பெயரே தப்பாக எழுதியிருந்தால்?

அன்று சாயங்காலம் புதுப் பக்கத்தில், சிவப்பு மையைத் தொடாமல், மேலிருந்து கணக்கைப் போட்டேன். பாரத்தை வேகத்தால் பெருக்கினால் வருவது மொமெண்டம். இப்போது வருகிற தமிழ்ப் புத்தகங்களில் உந்தம் என்கிறார்கள். மோதலுக்கு முன் எவ்வளவு இருந்ததோ, மோதிய பிறகும் மொத்தத்தில் அவ்வளவுதான் இருக்கும் என்பது விதி. பதினாறை ஆறால் பெருக்கினால் தொண்ணூற்றாறு. இப்போது சேர்ந்து போகிற பாரம் இருபத்து நாலு. வகுத்தால் நாலு. மிச்சம் மீதி இல்லாத, சுத்தமான நாலு.

முதல் பக்கத்துக்குப் போய்ச் சிவப்பு 4.9-ஐக் குறுக்கே ஒரு கோட்டால் அடித்தேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

மறுநாள் ரயிலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன் நோட்டை வாங்கிப் பார்த்தான். கூட்ஸ் கிளார்க்கின் மகன், என் வகுப்பு. பார்த்ததும் கண்ணை உருட்டினான்.

"இன்னாமே இது, சார் விடைய அடிச்சிட்டே? உனுக்கு தைரியம் ஜாஸ்திதான்."

"உனுக்கு எவ்ளோ வந்துது?"

"எனுக்கும் நாலுதான் வந்துது. அப்பால சரி பண்ணிட்டேன்."

"எப்பிடி?"

அவன் நோட்டைக் காட்டினான். நாலு வரை ஒழுங்காக வந்து, அதற்கு அடுத்த வரியில் 'உராய்வுக்காக 0.9 கூட்டுக' என்று மணிமணியாக எழுதியிருந்தான்.

"உராய்வு வண்டிய நிறுத்துமா, ஓட்டுமா? நீ எந்த ஊரு தண்டவாளத்துல போறே?"

"ஏன், உங்க நைனாகூட வேல செய்ற பாய் வேகன தள்றப்போ எண்ணெ ஊத்துறாரே, அந்த மாதிரி வெச்சிக்கோயேன்" என்று சிரித்தான். "சும்மா கூட்டிக்கினு போமே. சார் அடியிலதானே பாக்கப் போறாரு."

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வருஷம் பள்ளிக்கூட வாசலில் பையன்கள் வெள்ளைக்காரனே வெளியே போ என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். போலீஸ் லாரியைப் பார்த்தும் நகராமல் நின்றார்கள். அதே பையன்கள் மணி அடித்ததும் உள்ளே வந்து, நாலுடன் 0.9-ஐக் கூட்டி எழுதினார்கள். இந்த வகுப்புக்கு முன்னால் படித்தவர்களும் எதையாவது கூட்டியோ பெருக்கியோ அந்த 4.9-இல் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். ஒருவர்கூடவா கையைத் தூக்கவில்லை?

நான் தூக்கினேன். சார் என் நோட்டை வாங்கி, கிழிந்த இடத்தை விரலால் தடவினார்.

"யாரைக் கேட்டு அடிச்சே?"

"கணக்கைக் கேட்டு சார்."

பின் பெஞ்சு சிரித்துவிட்டது. அதுதான் வினை. சிரிப்பு வராமல் இருந்திருந்தால் சார் கணக்கைப் பார்த்திருப்பாரோ என்னவோ. அவர் கெட்டவர் அல்ல. பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் வரும் மாதம் இது. எல்லா நோட்டும் ஒரே விடையில் முடிந்தால்தான் அவருக்கு நிம்மதி.

"இந்தா பொண்ணே. திங்கக்கிழமைக்குள்ள இந்தக் கணக்கைச் சரியான விடையோட எழுதிக் கொண்டா. முடியாதுன்னா ஆப்ஷனலை மாத்திக்கோ. உன்கூடச் சேர்ந்த ரெண்டு பொண்ணுகளும் தையலும் சுகாதாரமும் எடுத்துண்டு சௌக்கியமாத்தானே இருக்காங்க?"

பள்ளி இறுதிப் பரீட்சைக்கு நாங்களாகத் தேர்ந்தெடுக்கும் பாடம் ஆப்ஷனல். பௌதிகம் எடுத்திருந்த பெண் நான் ஒருத்திதான். இங்கே பௌதிகம் போனால் காலேஜிலும் போனதுதான்; அப்புறம் எந்த வாசலில் போய் நின்றாலும் யாரும் சேர்க்க மாட்டார்கள். ஒரு 4.9 எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரே ஒரு வரி. எழுத மாட்டேன் என்று அங்கேயே நின்றபடி முடிவுசெய்துவிட்டேன். ஆனால் எழுத மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதுமா? சைடிங் சாட்சி சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலைக்குத் தயாரானேன். வேகத்தை அளக்க இரண்டு பொருள் வேண்டும், தூரமும் நேரமும். தூரம் சுலபம். சைடிங்கில் ஒவ்வொரு தண்டவாளத் துண்டும் ஒரே நீளம், முப்பத்தாறு அடி. முன் சக்கரத்தின் ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் வேகன் ஒரு துண்டைக் கடக்கிறது. நேரத்துக்குக் கடிகாரம் இல்லை; ஸ்டேஷன் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வர முடியாது. முப்பத்தொன்பது அங்குலக் கயிற்றில் பாரம் கட்டி ஆட்டினால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று படித்திருந்தேன். நைனாவின் டப்பாவிலிருந்து பெரிய இரும்பு நட்டு ஒன்றை எடுத்துக் கயிற்றில் கட்டி, வேலியோரம் துணி உலர்த்தும் கம்பியில் தொங்கவிட்டேன். ஆட்டங்களை எண்ண இன்னொரு ஆள் வேண்டும். அம்மாவைப் பிடித்தேன்.

நைனா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பயந்தால் செய்வது அது.

"இன்னா கண்ணு இது? கயிறு கட்டிக்கினு, நோட்டு வெச்சிகினு, பட்டாளத்து வேகன எண்ணிக்கினு கீறே? எவனாவது பாத்தா ஜப்பான்காரனுக்கு எழுதிக் குடுக்கிறேன்னு சொல்லுவான்."

"வேகன எண்ணல நைனா. வேகத்த எண்றேன்."

"அத்த அவனுக்கு நீயே சொல்லிக்கோ. என் வேலை போயிட்சின்னா இந்த ஊடும் போயிடும், தெரியுமில்ல?"

"நான் வேலிக்கு உள்ள கீறேன். இது நம்ம ஊடு. நம்ம ஊட்டுல நின்னு காதால கேக்கக்கூடாதுன்னு எந்த ரூல்ல கீது?"

நைனாவுடன் வேலைசெய்யும் பாய், பூந்தமல்லிக்காரர், வேகன்களுக்கு நடுவில் புகுந்து கொக்கி மாட்டுகிறவர், கேட்டுக்கொண்டே வந்தார்.

"உடு அண்ணாத்தே. துணி காய வெக்கிற கம்பில நட்டு காயுதுன்னு சொல்லிக்கலாம்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆனா ஒண்ணும்மா, என் வேகன் எவ்ளோ ஸ்பீடுன்னு உன் நட்டு சொல்லுச்சின்னா, எனுக்கும் சொல்லு. முப்பது வருசமா காலு பக்கத்துல ஓடுது, இன்னும் கேட்டு வெச்சிக்கல."

நைனா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு லீவருக்குப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலி வேகனின் எடை அதன் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் போட்டிருக்கும். செங்கல் வேகனின் மொத்த எடை அதில் செருகியிருக்கும் அட்டையில் இருந்தது. பாயிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு, கணக்கில் இருப்பதைப் போலவே. எஞ்சின் பெருமூச்சு விட்டு ஒரு செங்கல் வேகனைத் தள்ளிவிட்டது. நான் நட்டை ஆட்டிவிட்டேன்.

டக் என்றதும் அம்மா எண்ணத் தொடங்கினாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." அடுத்த டக். வேகன் மோதியது. கணக்கில் சொன்னபடி அவை சேர்ந்து போகவில்லை! வேகன் முகப்பில் முட்டைத் தாங்குகிற பஃபர் ஸ்பிரிங்குகள் அமுங்கி நிமிர்ந்தன. காலி வேகன் சாட்டை பட்ட மாடு மாதிரி முன்னால் பாய்ந்து ஓடியது. செங்கல் வேகன் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், "நீ பின்னாடி வர்றத எண்ணும்மா!" என்று கத்திவிட்டு, முன்னால் ஓடியதை நான் எண்ணினேன். காலிக்கு ஐந்து. செங்கலுக்கு ஒன்பது.

இன்னும் இரண்டு வேகன்கள் வந்தன. அவற்றிலும் கிட்டத்தட்ட அதே எண்கள். செங்கலுக்கு ஒருமுறை ஒன்பதேகால் என்றாள் அம்மா.

"கால் எப்பிடிம்மா கேட்டுது?"

"உன் நட்டு பாதி வழியில பாதி போச்சில்ல, அதான் கால்."

சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றாகப் போகவில்லை என்றால் என்ன, தனித்தனியாக உந்தத்தைக் கண்டு கூட்டினால் பழைய மொத்தம் வர வேண்டுமே. காலியின் பாரத்தை ஒன்று என்றும் செங்கல் வேகனின் பாரத்தை இரண்டு என்றும் வைத்துக்கொண்டேன். மோதுவதற்கு முன் செங்கல் வேகன் ஐந்து ஆட்டத்தில் ஒரு துண்டைக் கடக்கிறது. அப்படியானால் ஓர் ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பாரம் இரண்டால் பெருக்கினால் ஐந்தில் இரண்டு. மோதிய பிறகு செங்கலுக்கு ஒன்பதில் இரண்டு, காலிக்கு ஐந்தில் ஒன்று. இவை இரண்டையும் கூட்டினேன். முன்னால் இருந்தது நாற்பத்தைந்தில் பதினெட்டு. இப்போது வந்தது நாற்பத்தைந்தில் பத்தொன்பது.

ஒரு பங்கு கூட வந்துவிட்டது.

குறைந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உராய்வு தின்றுவிட்டது என்று சொல்லலாம். கூடுவது எப்படி? காற்றிலிருந்தா? கூட்ஸ் கிளார்க் மகனைப் பார்த்து எந்த ஊர்த் தண்டவாளத்தில் போகிறாய் என்று கேட்டவள் நான். இப்போது எங்கள் சைடிங்கிலும் உராய்வு வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. இந்த நோட்டைச் சாரிடம் கொண்டுபோனால் அவர் திட்டக்கூட வேண்டாம். சிரித்தால் போதும்.

பத்தொன்பதைப் பதினெட்டு ஆக்குவது பெரிய காரியம் இல்லை. ஒன்பதேகால் வந்தது இல்லையா, அதை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மறந்துவிட்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தட்டினால் வந்துவிடும். பென்சிலால் தட்டிக்கூடப் பார்த்தேன். தட்டும்போதுதான் உறைத்தது. பக்கத்தின் அடியில் சிவப்பு மை இல்லையே தவிர, நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான். விடையை முன்னால் வைத்துக்கொண்டு வழியை வளைக்கிறேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பத்தொன்பதை அப்படியே விட்டு நோட்டை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மூட்டையிலிருந்து அரிசியைப் படியால் அளந்து பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் படியைப் போட்டாள். "லாபம்." இரண்டாவது படி. "ரெண்டு." மூன்றாவது. "மூணு."

எங்கள் பக்கம் தானியம் அளக்கிற யாரும் முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அதில் தப்பே இல்லை. ஒரு படி பானையில் விழுந்த பிறகுதானே வாய் லாபம் என்கிறது. மூணு என்று முடிக்கும்போது பானையில் மூன்று படி இருக்கும்.

நேற்று என்ன நடந்தது? டக் என்று சக்கரம் விழுந்த உடனே லாபம் என்றாள் அம்மா. அப்போது நட்டு ஓர் ஆட்டம்கூட முடிக்கவில்லை! பானை காலியாக இருக்கும்போதே ஒரு படி எண்ணியாகிவிட்டது. ஐந்து என்று நாங்கள் நினைத்தது நாலு. ஒன்பது என்று நினைத்தது எட்டு. அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நானும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே. வேலியோரம் நின்று, நானும் லாபத்தில்தான் ஆரம்பித்திருந்தேன்.

நோட்டைத் திறந்து மறுபடி போட்டேன். முன்னால், நாலில் ஒரு பங்கு, பாரம் இரண்டு, ஆக அரை. பின்னால், செங்கலுக்கு எட்டில் ஒன்று, பாரம் இரண்டு, ஆக கால். காலிக்கு நாலில் ஒன்று, பாரம் ஒன்று, அதுவும் கால். காலும் காலும் அரை.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் படியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாடி, தேளா?"

"அரைம்மா! அரை!"

"அரையா? மூணு படி போட்டாச்சிடி. உனுக்கு இன்னும் அரை வேணுமா?"

திங்கட்கிழமை சார் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அடியில் 4.9 இல்லை. நாலும் இல்லை. சனிக்கிழமை அளந்த எண்கள் இருந்தன, தப்பாக எண்ணியதும் திருத்தி எண்ணியதும்.

"நான் என்ன எழுதச் சொன்னேன்?"

"எழுதறேன் சார். ஒரே ஒரு சந்தேகம் தீர்த்துடுங்க. மோதறதுக்கு முன்னாடி மொமெண்டம் தொண்ணூத்தாறு. விடை நாலு புள்ளி ஒன்பதுன்னா, இருபத்து நாலால பெருக்கினா நூத்துப் பதினேழரைக்கு மேல வருது. மீதி இருபத்தொண்ணரை எங்கேர்ந்து சார் வந்துது?"

"உராய்வு சார்" என்றான் கூட்ஸ் கிளார்க் மகன், பின் பெஞ்சிலிருந்து. வகுப்பே இடிந்து விழுவது போலச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கரும்பலகைக்குப் போய், வேகத்தின் வர்க்கத்தைப் போட்டுச் சக்தியைக் கணக்கிட்டார். மோதலுக்கு முன்னால் உள்ள சக்தி பின்னாலும் அப்படியே இருக்கிறது என்று வைத்தால் இருபத்து நாலின் வர்க்கமூலம் வருகிறது. அதாவது 4.9.

"பார். சக்தி எங்க போகும்? அழியுமா?"

"அழியாது சார். ஆனா எங்க ஊட்டு ஜன்னல் அதிருதே சார், அந்த டமார் எங்கேர்ந்து வருது? மோதினதும் பஃபர தொட்டுப் பாத்தா வெதவெதன்னு இருக்கும்னு பாய் சொல்றாரு. சக்தி அதுக்கெல்லாம் போயிடுச்சே. அப்புறம் ஓடறதுக்கு எப்படி சார் முழுசும் மீதி இருக்கும்?"

அவசரத்தில் 'ஊட்டு' என்று வந்துவிட்டது. முன் பெஞ்சில் ஒருவன் இளித்தான். இளிக்கட்டும்.

சார் சாக்குக்கட்டியை வைத்துவிட்டு என் நோட்டை மெதுவாகப் படித்தார். லாபத்தில் தொடங்கித் தப்பாக எண்ணிய கதையையும் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை; அதைவிடச் சங்கடமானது ஒன்று இருந்தது. சரியான இடத்தைப் பார்த்துவிட்டார்.

"உன் வேகன்கள் சேர்ந்து போகலையே."

"போகல சார்."

"கணக்குல என்ன போட்டிருக்கு? 'இரண்டும் சேர்ந்து போகின்றன.' நீ அளந்தது வேற கணக்கு. ஒட்டாத வேகனை வெச்சு ஒட்டின வேகனுக்குத் தீர்ப்பு சொல்ல முடியுமா?"

நியாயம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் நியாயம்.

"ஒட்ட வெச்சுக் காட்டினா?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வர்ற சனிக்கிழமை மத்தியானம் நான் ரயில்ல வரேன். உன் நட்டையும் கயிறையும் நானே பார்க்கிறேன். நானும் எண்ணுவேன். உன் நாலு வந்தா, இந்தச் சாவியில என் கையாலேயே திருத்தறேன். வரலைன்னா அன்னிக்கே ஆப்ஷனல் மாத்தற காகிதத்துல கையெழுத்துப் போடணும். உங்கப்பாவும் போடணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதினாறு டன்னையும் எட்டு டன்னையும் ஒட்ட வைப்பது எப்படி என்று ரயிலில் வரும்போதுதான் யோசித்தேன். பாய் ஓடுகிற வேகன்களுக்கு நடுவில் புகுந்து கொக்கி மாட்ட முடியாது. முடியும் என்றாலும் கேட்க மாட்டேன். என் ஆப்ஷனலுக்கு இன்னொருவர் கால் எதற்கு?

பானை ஏற்றிய வேகன் சைடிங்கில் நிற்கும் நாட்களில், அதன் பஃபரில் பாய் வைக்கோல் திணித்த சாக்கைக் கட்டுவார், பானை உடையாமல் இருக்க. புதன்கிழமை அப்படி ஒரு வேகன் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். செங்கல் வேகன் வந்து மோதியபோது டமார் இல்லை, தொம் என்றது. முன்னால் ஓடியது குறைவு. இருந்தாலும் ஓடியது. வைக்கோல் அமுங்கி மறுபடி நிமிர்கிறது. அமுங்கி, நிமிராமல் கிடக்கிற ஒன்று வேண்டும்.

அம்பத்தூர் ஏரியில் அது மலைபோல இருக்கிறது. வியாழக்கிழமை ஈரக் களிமண் இரண்டு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். நைனா சாக்கைக் காலால் எத்திப் பார்த்தார். சாக்கு குழிந்தது, குழிந்தது குழிந்தபடியே இருந்தது.

"பஃபர்ல சாக்கு கட்றது ரூல்ல கீது" என்றார், என்னைப் பார்க்காமல். "உள்ள இன்னா கீதுன்னு ரூல்ல இல்ல."

"நைனா!"

"ரொம்பத் துள்ளாதே. கையெழுத்து போடற மாதிரி ஆச்சின்னா, எனுக்கு ஒரு எழுத்துதான் தெரியும். அதுக்கு மேல கேட்டா நீதான் எழுதணும்."

வெள்ளிக்கிழமை பூராவும் அம்மாவுடன் சண்டை. எண்ணுகிற விஷயம்தான். நாளைக்கு மோதுவதற்கு முன் ஒரு துண்டுக்கு நாலு ஆட்டம் ஆனால், என் கணக்குப்படி மோதிச் சேர்ந்த பிறகு ஆறு ஆட்டம் ஆக வேண்டும். சார் கணக்குப்படி ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறா, ஐந்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மா பழையபடி ஆரம்பித்தால் ஐந்து ஆறாகிவிடும். என் பக்கம் ஜெயித்த மாதிரி ஆகும். அப்படி ஜெயிக்க எனக்கு வேண்டாம். பூஜ்யத்தில் ஆரம்பி என்றேன்.

"நல்ல காரியத்த எவளாவது பூஜ்யத்துல ஆரம்பிப்பாளாடி? உன் படிப்பு விசயம் வேற."

"அப்போ பேசாம இரு. டக்குன்னதும் வாய மூடிக்கோ."

"ஊமை மாதிரியா? அதுவும் ஆவாது."

கடைசியில் ஒரு வழி கண்டோம். டக் என்றதும் அம்மா லாபம் என்பாள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் ரெண்டு என்று தாவாமல், ஒண்ணு என்பாள். லாபம் அவளுக்கு, பூஜ்யம் எனக்கு. அம்மா இதுவரை நாற்பது தடவை பழகிவிட்டாள். மூன்று தடவை மட்டும் பழைய வழக்கத்தில் ரெண்டுக்குத் தாவினாள். ஒவ்வொரு தடவையும் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

நாளை மத்தியானம் சார் இறங்குகிற ரயில் வரும். களிமண் சாக்கு காயாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் தெளித்து, வேலியோரம் மூடி வைத்திருக்கிறோம். நட்டுக் கயிறு மழையில் சுருங்கியிருக்கிறதா என்று மறுபடி அளந்தேன். அரை அங்குலம் குறைந்திருந்தது, சரிசெய்தேன். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, கணக்கை மேலே எழுதிவிட்டேன். அடியில் இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். சிவப்பு மைக் கூட்டை அம்மாவின் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், கை போகாமல் இருக்க. நாலு என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது.

லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சுக்கு அப்புறமும் தண்டவாளம் வாயைத் திறக்கக்கூடாது. ஆறு என்று அம்மா சொல்லும்போது டக் என்று விழ வேண்டும், சார் காதில் விழ வேண்டும். அஞ்சிலேயே விழுந்துவிட்டால், அதையும் எழுதிவிட்டு, சாக்கைப் பிரித்துப் பார்ப்பேன். கையெழுத்துப் போட, சார் திரும்பிப் போகிற ரயில் வரும் வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் இன்னொரு செங்கல் வேகன் வரும்.